கல்லறையும் தொலைபேசி எண்ணும்

எய்ட்ஸ் காலத்து அரசுப் பிரச்சாரங்களைப் பற்றி எதைப் படித்தாலும் கடைசியில் பிரிட்டனின் கல்லறை விளம்பரத்தில்தான் வந்து முட்டுகிறோம். 1987ன் தொடக்கத்தில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ஓடியது. யூடியூபில் இன்னமும் கிடைக்கிறது, ஒரு நிமிடம்கூட நீளாது. மலை வெடிக்கிறது, பாறையைத் துளைக்கிறார்கள், உளி கல்லைச் செதுக்குகிறது. நடிகர் ஜான் ஹர்ட்டின் கனத்த குரல், இது எல்லோருக்கும் ஆபத்து, மருந்து கிடையாது என்கிறது. செதுக்கி முடித்ததும் அது ஒரு கல்லறைக் கல் என்று தெரிகிறது. மேலே எய்ட்ஸ் என்ற எழுத்துகள். அதன்மேல் வெள்ளை லில்லிப் பூக்களும் ஒரு துண்டுப்பிரசுரமும் வந்து விழுகின்றன. இயக்கியவர் நிக்கோலஸ் ரோக். பேய்ப்படம் பார்த்த மாதிரி இருக்கும்.

பிரச்சாரத்தின் பெயர் 'அறியாமையால் சாகாதீர்கள்'. உலகத்தில் ஓர் அரசு செய்த மிகச் சிறந்த சுகாதாரப் பிரச்சாரங்களில் ஒன்று என்று இதைச் சொல்பவர்கள் நிறைய. "பயமுறுத்தினார்கள், பலித்தது" என்பதுதான் அந்தப் பாராட்டின் சாரம். கொரோனா வந்தபோதும் இதே உதாரணத்தை எடுத்துப் போட்டார்கள்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பிரிட்டன் செய்தவற்றில் பாராட்ட வேண்டியது நிறையவே இருக்கிறது. ஆனால் பாராட்டு போய்ச் சேருவது தப்பான பாதிக்கு. கல்லறையைத்தான் எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். உயிர்களைக் காப்பாற்றியது அந்தப் பூக்களோடு விழுந்த காகிதமும், அதில் அச்சிட்டிருந்த தொலைபேசி எண்களும், அந்த எண்களுக்குப் பின்னால் இருந்த ஆட்களும்தான் என்று நினைக்கிறேன். ஏன் என்று வரிசையாகப் பார்க்கலாம்.

காலவரிசை

டெரி ஹிக்கின்ஸ் 1982 ஜூலை 4 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் இறந்தார். வயது 37. பிரிட்டனில் எய்ட்ஸால் இறந்த முதல் சிலரில் ஒருவர். அவருடைய துணைவரும் நண்பர்களும் சேர்ந்து அதே வருடம் டெரன்ஸ் ஹிக்கின்ஸ் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். தகவல் சேகரிப்பது, தொலைபேசியில் பேசுவது, நோயாளிகள் பக்கத்தில் இருப்பது என எல்லாமே அவர்கள் தலையில். அரசு எங்கே என்று கேட்டால், அப்போது எங்கேயும் இல்லை.

தானம் கொடுக்கிற இரத்தத்தைப் பரிசோதிப்பது 1985 அக்டோபரில் தொடங்கியது. 1986 மார்ச்சில் முதல் நாளிதழ் விளம்பரங்கள் வந்தன. பத்தி பத்தியாக எழுத்து. உட்கார்ந்து படித்தால்தான் புரியும். அந்த விளம்பரத்தில் எந்த உறவு முறை ஆபத்தானது என்று விளக்கும் பகுதி தேவைதானா என்று பிரதமர் தாட்சர் தயங்கியதைப் பின்னாளில் வெளியான அரசுக் கோப்புகள் காட்டுகின்றன. இதைப் படித்து இளைஞர்கள் கெட்டுப்போவார்களோ என்பது அவர் கவலை.

அவர் அமைச்சரவையிலேயே வேறு மாதிரி யோசித்தவர்கள் இருந்தார்கள். சுகாதாரத்துக்குப் பொறுப்பான அமைச்சர் நார்மன் ஃபவுலர், தலைமை மருத்துவ அதிகாரி டொனால்ட் அச்சிசன். அமைச்சரவையின் எய்ட்ஸ் குழுவுக்குத் தலைமை ஏற்ற வில்லியம் ஒயிட்லா பழைய ராணுவ அதிகாரி. போர்க்காலத்தில் சிப்பாய்களுக்குப் பால்வினை நோய் பற்றி நேராகப் பேசியே ஆகவேண்டும் என்று பார்த்துத் தெரிந்தவர். கூச்சத்தை உடைத்தது இந்தப் பழமைவாதக் கட்சி ஆட்கள்தான் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். 1986 நவம்பரில் 2 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். 1987 ஜனவரியில் துண்டுப்பிரசுரம் 2.3 கோடி வீடுகளுக்குப் போனது.

கல்லறையையும் காகிதத்தையும் அடுத்தடுத்து வைத்தால்

விளம்பரத்தைப் பார்த்து முடித்தவருக்கு என்ன தெரியும்? ஏதோ ஒரு பயங்கரம் வந்திருக்கிறது, அது கொல்லும், உடலுறவில் பரவும், அந்தக் காகிதத்தைப் படிக்க வேண்டும். அவ்வளவுதான். எப்படிப் பரவாது, நான் குறிப்பாக என்ன செய்யணும் என்பது எதுவும் கிடையாது. அடுத்து வந்த பனிப்பாறை விளம்பரமும் அதே கதை.

காகிதம் வேறு ரகம். உடலுறவில் பரவும், ஆணுறை பயன்படுத்துங்கள், போதை ஊசி போடாதீர்கள், போட்டால் ஊசியைப் பகிராதீர்கள், கை குலுக்கினால் வராது. வீட்டுக் கதவில் செருகிய காகிதத்தில் 1987ல் ஓர் அரசு இதை அச்சடித்தது பெரிய விஷயம். கூடவே, மேலும் கேட்க வேண்டுமானால் அழைக்கச் சொல்லித் தொலைபேசி எண்கள்.

நான் மென்பொருளில் இருபது வருடமாகக் குப்பை கொட்டுகிறவன். எங்கள் தொழிலில் பயனருக்குக் காட்டும் பிழைச் செய்திகளை ஒரே கேள்வியால் எடை போடுவோம்: இதைப் படித்தவர் அடுத்து என்ன செய்வார்? சிவப்பு எழுத்தில் "பெரும் பிழை" என்று மட்டும் காட்டினால் அவர் பயந்து கணினியை மூடிவிடுவார், அல்லது அதே பொத்தானை இன்னும் பத்து தடவை அழுத்துவார். என்ன நடந்தது, எதைச் சரிபார்க்கணும், சரியாகாவிட்டால் யாரைக் கூப்பிடணும் என்று மூன்று வரி இருந்தால்தான் அது செய்தி. கல்லறை விளம்பரம் முதல் வகை. காகிதம் இரண்டாம் வகை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்ததால் ஒன்றின் புகழை இன்னொன்று எடுத்துக்கொண்டது.

எண்ணுக்குப் பின்னால் இருந்தவை

தொலைபேசி எண்ணை அச்சடிப்பது சுலபம். கூப்பிட்டால் யாராவது எடுக்கணும். எடுத்தவர் எங்காவது அனுப்பணும். அனுப்பிய இடத்தில் கதவு திறந்திருக்கணும்.

பிரிட்டனில் அந்தக் கதவு எழுபது வருடமாகத் திறந்திருந்தது. முதல் உலகப்போர் சமயத்தில், 1916-17ல், பால்வினை நோய்களுக்கு இலவசமாகவும் ரகசியமாகவும் சிகிச்சை தரவேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். பின்னாளில் என்.எச்.எஸ். என்ற தேசிய மருத்துவச் சேவை அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. குடும்ப டாக்டரின் கடிதம் வேண்டாம். நேரே போகலாம், அங்கே சொன்னது வெளியே போகாது. எய்ட்ஸ் வந்தபோது பிரிட்டனுக்கு இப்படி ஒரு வலைப்பின்னல் தயாராக இருந்தது. இதை யாரும் விளம்பரமாக எடுக்கவில்லை, அதனால் யாருக்கும் ஞாபகமும் இல்லை.

கட்டணமில்லாத தேசிய எய்ட்ஸ் உதவி எண் வந்தது. 1987 ஏப்ரலில் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் எய்ட்ஸுக்கென்றே தனி வார்டு திறந்தார்கள். திறந்துவைத்த இளவரசி டயானா கையுறை போடாமல் ஒரு நோயாளியின் கையைக் குலுக்கினார். "தொட்டால் பரவாது" என்று காகிதத்தில் இருந்த வரிக்கு அந்தப் புகைப்படம்தான் நிஜமான உரை.

எடின்பரோவின் ஊசிகள்

கல்வி வேறு, சேவை வேறு என்று பிரித்துப் பார்ப்பவர்கள் எடின்பரோவைப் படிக்க வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த நகரத்தில் ஹெராயின் பெருகியது. போலீஸ் கெடுபிடியும் பெருகியது. ஊசி வைத்திருந்தாலே பறிமுதல். மருந்துக் கடைகளிலும் ஊசி கிடைப்பது அரிதானது. விளைவு, ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்தார்கள்.

மியூர்ஹவுஸ் பகுதியில் மருத்துவராக இருந்த ராய் ராபர்ட்சனும் உடனிருந்தவர்களும் தங்களிடம் வந்த ஹெராயின் பயனர்களின் சேமித்துவைத்த இரத்த மாதிரிகளைப் பரிசோதித்து 1986ல் முடிவை வெளியிட்டார்கள். 164 பேர். 51 சதவீதத்தினருக்கு ஹெச்.ஐ.வி. பக்கத்து நகரமான கிளாஸ்கோவிலும் ஹெராயின் இருந்தது, ஆனால் அங்கே தொற்று இந்த அளவுக்கு அருகில்கூட இல்லை.

இந்த 51 சதவீதம் பேருக்குக் கல்லறை விளம்பரம் போட்டு என்ன பயன்? ஊசியைப் பகிர்வது ஆபத்து என்று தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். புது ஊசிக்கு எங்கே போவது? அங்கே அவர்களுக்குக் குறையாக இருந்தது அறிவு இல்லை, ஊசி. 1986 செப்டம்பரில் வந்த ஸ்காட்லாந்தின் மெக்லேலண்ட் குழு அறிக்கை இதைப் புரிந்துகொண்டு, சுத்தமான ஊசி கொடுங்கள் என்றது. 1987ல் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலுமாகப் 15 இடங்களில் பழைய ஊசியை வாங்கிப் புதியதைத் தரும் மையங்களைச் சோதனையாகத் தொடங்கினார்கள். 1988ல் அரசின் போதைப்பொருள் ஆலோசனைக் குழு, போதையைவிட ஹெச்.ஐ.வி. பெரிய ஆபத்து என்று வெளிப்படையாகவே சொன்னது. போதையை ஒழிப்பதே முதல் வேலை என்று இருந்த அரசுக்கு இது லேசான காரியம் அல்ல.

பிரிட்டன் முழுவதும் எடின்பரோ ஆகவில்லை. ஊசி போடுபவர்களிடையே தொற்று, பிறகு வந்த காலத்தில் ஏறத்தாழ 1 சதவீத அளவிலேயே நின்றது. அதே எண்பதுகளின் நடுவில் நியூயார்க்கில் ஊசி போடுபவர்களில் பாதிப் பேருக்குத் தொற்று இருந்தது.

பயம் இல்லாவிட்டால் கேட்டிருப்பார்களா?

நியாயமான எதிர்வாதம் ஒன்று உண்டு. அப்போது சரியான மருந்து இல்லை. கூட்டு மருந்துச் சிகிச்சை வர 1996 ஆனது. பாலுறவைப் பற்றி வாயே திறக்காத சமூகத்தைக் கொஞ்சம் அதிரவைக்காமல் யார் அந்தக் காகிதத்தைப் பிரித்திருப்பார்கள்? ஃபவுலர் சொல்லிவந்த பதிலும் ஏறக்குறைய இதுதான்.

கவனத்தை ஈர்த்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதற்குக் கொடுத்த விலையையும் கணக்கில் எழுத வேண்டும், இல்லையா? அதிகம் பாதிக்கப்பட்டிருந்த தன்பாலீர்ப்பு ஆண்கள் இந்த விளம்பரத்துக்கு முன்பே தங்களுக்குள் பேசி, எழுதி, நடத்தையை மாற்றத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்கு விளம்பரம் புதிதாக எதையும் சொல்லவில்லை. ஏற்கெனவே தொற்று இருந்தவருக்கு அது சொன்னது ஒன்றே ஒன்று: உன் பெயர் கல்லில் எழுதியாகிவிட்டது. வரவேற்பறையில் குடும்பத்தோடு உட்கார்ந்து அதைப் பார்த்தவர்களை நினைத்துப் பாருங்கள். பரிசோதனைக்குப் போக அவர்களுக்கு என்ன தைரியம் வந்திருக்கும்? ஆயுள் காப்பீட்டு விண்ணப்பத்தில் "எய்ட்ஸ் பரிசோதனை செய்துகொண்டதுண்டா" என்ற கேள்வி வேறு இருந்தது.

பயம் வேண்டியதில்லை என்பதற்கு அமெரிக்கா பாதிச் சாட்சி. அங்கே தலைமை மருத்துவர் சி. எவரெட் கூப் 1988ல் 10.7 கோடி வீடுகளுக்கு ஒரு பிரசுரம் அனுப்பினார். கல்லறை இல்லை, இடிமுழக்கம் இல்லை. ஒரு டாக்டர் உட்கார்ந்து பேசுகிற தொனி. என்னைக் கேட்டால் எழுத்தாக அது பிரிட்டிஷ் பிரசுரத்தைவிட மேல்.

மீதிப் பாதி, அந்த நல்ல எழுத்து போய் முட்டிய சுவர். 1987ல் நிறைவேறிய ஹெல்ம்ஸ் திருத்தம், தன்பாலுறவை ஊக்குவிப்பதாகத் தோன்றும் எய்ட்ஸ் கல்விக்கு மத்தியப் பணம் கூடாது என்றது. 1988ல் ஊசி மாற்றித் தருவதற்கும் மத்தியப் பணம் தடை. நோயாளிகளின் பராமரிப்புக்கென்று நாடு தழுவிய பெரிய சட்டம், ரயன் வைட் சட்டம், 1990 ஆகஸ்டில்தான் வந்தது. அதாவது, பிரசுரம் படித்தவருக்குப் போக இடம் கிடைக்கவில்லை. பிரிட்டனில் தொனி மோசம், கதவு திறந்திருந்தது. அமெரிக்காவில் தொனி நன்று, கதவு பாதி மூடியிருந்தது. ஊசி போடுபவர்களின் எண்ணிக்கையை மேலே பார்த்தோம். எது முக்கியம் என்று அதிலேயே தெரிகிறது.

பிரிட்டன் தானே மூடிய கதவுகள்

பிரிட்டனை ரொம்பவும் புகழ்ந்துவிட்டேனோ என்று தோன்றுகிறது. அதனால் மூன்று விஷயங்கள்.

ஒன்று, 1988ன் உள்ளாட்சிச் சட்டத்தில் வந்த 28ஆம் பிரிவு. உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை 'ஊக்குவிக்க'க் கூடாது. அது ஆசிரியர்களைச் சட்டப்படி எவ்வளவு கட்டுப்படுத்தியது என்பதே சர்ச்சைக்குரியது. ஆனா பயம் வேலையைச் செய்துவிட்டது. பள்ளிகளில் பேச்சு நின்றது. வீட்டுக்கு வீடு காகிதம் போட்ட அரசு, அந்தக் காகிதத்தைப் பற்றி ஒரு மாணவன் கேள்வி கேட்டால் ஆசிரியர் நெளியும்படி செய்தது. ஸ்காட்லாந்தில் 2000லும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003லும்தான் நீக்கினார்கள்.

இரண்டு, மக்களின் பாலுறவு வழக்கங்களைப் பற்றிய தேசிய ஆய்வு. தொற்று எப்படிப் பரவும் என்று கணக்கிட அடிப்படைத் தரவே இல்லாத நிலையில் திட்டமிட்ட ஆய்வு அது. 1989ல் அரசுப் பணம் மறுக்கப்பட்டது. வெல்கம் அறக்கட்டளை பணம் கொடுத்ததால் கிட்டத்தட்ட 19,000 பேரிடம் பேட்டி எடுக்க முடிந்தது. மக்களுக்குச் சொல்ல அரசு தயாராக இருந்தது, மக்களிடம் கேட்கத் தயாராக இல்லை.

மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடாதது. இரத்தம் உறையாத ஹீமோபிலியா நோயாளிகளுக்குக் கொடுத்த உறைபொருள் மருந்தின் வழியே ஹெச்.ஐ.வி. பரவியது. அமெரிக்காவில் இருந்து இறக்குமதியானது அதில் பெரும்பங்கு. ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து செய்தது. பிரிட்டனில் இரத்தப்போக்கு நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ 1,250 பேருக்குத் தொற்று. அவர்களில் சுமார் 380 பேர் குழந்தைகள். முக்கால்வாசிப் பேர் உயிரோடு இல்லை. சர் பிரையன் லாங்ஸ்டாஃப் தலைமையிலான விசாரணை 2024 மே 20 அன்று இறுதி அறிக்கை தந்தது. நோயாளிகளுக்குத் தெரியாமலே பரிசோதித்திருக்கிறார்கள். முடிவு தெரிந்த பிறகும் பலரிடம் மாதக்கணக்கில், சிலரிடம் வருடக்கணக்கில் சொல்லவில்லை. சொல்லாத காலத்தில் அவர்கள் மனைவிமாருக்கும் தொற்று போயிருக்கிறது.

ஒரு வீட்டை மனசில் கொண்டுவந்து பாருங்கள். கதவிடுக்கில் 'அறியாமையால் சாகாதீர்கள்' என்ற காகிதம் விழுகிறது. அந்த வீட்டுப் பையனின் பரிசோதனை முடிவு மருத்துவமனைக் கோப்பில் இருக்கிறது. அவனுக்குத் தெரியாது, அவன் அம்மாவுக்கும் தெரியாது. யாருடைய அறியாமை இது? பிரச்சாரத்தின் தலைப்பே குற்றத்தை மக்கள் பக்கம் தள்ளுகிறது: உனக்குத் தெரியவில்லை, அதனால் சாகிறாய். தெரிந்துவைத்துக்கொண்டு சொல்லாதவர்களுக்கு அந்தத் தலைப்பில் இடமே இல்லை. இந்தப் பிரச்சாரத்தின் பெருமையைப் பேசும் கட்டுரைகளில் பெரும்பாலும் இந்த 1,250 பேர் வருவதில்லை. இரத்தம் தனிக் கதை, விளம்பரம் தனிக் கதை என்று பிரித்து வைத்துவிட்டார்கள். இரண்டும் ஒரே அரசு, ஒரே வருடங்கள்.

சென்னைக்கு என்ன சம்பந்தம்

நேரடியான சம்பந்தம் காலம்தான். எடின்பரோ முடிவு வந்த அதே 1986ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் சுனிதி சாலமனும் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் ஹெச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். பெண்கள் காப்பகம் ஒன்றில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களின் இரத்தத்தை எடுத்துக்கொண்டு, பரிசோதிக்க வசதி இல்லாததால் வேலூர் சி.எம்.சி.க்கு ரயில் ஏறினார் நிர்மலா. ஆறு மாதிரிகளில் தொற்று. பிரிட்டனுக்கு எழுபது வருட கிளினிக்குகள் இருந்தன. நமக்கு அந்த அளவுக்கு எதுவும் இல்லை. எண்ணை அச்சடிக்கும் முன் எண்ணுக்குப் பின்னால் இருக்க வேண்டியதைக் கட்ட வேண்டியிருந்தது. 1993ல் சுனிதி சாலமன் ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பைத் தொடங்கினார். 1994ல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம். 2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவச கூட்டு மருந்து. தொடங்கிய முதல் இடங்களில் தாம்பரமும் ஒன்று.

இருந்தாலும் நம் ஞாபகமும் பிரிட்டன்காரர்கள் ஞாபகம் மாதிரியேதான் வேலை செய்கிறது. 2000களின் தொடக்கத்தில் சுவர் சுவராக ஒட்டியிருந்த "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்ற கேள்வியை என் வயதுக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார். ராஜா என்று பெயர் வைத்தவர்கள் பட்ட பாட்டையும் சொல்வார். அதே ஆட்களிடம் நம்பிக்கை மையம் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள். அரசு மருத்துவமனைகளில் இலவசமாக, ரகசியமாகப் பரிசோதித்து, முடிவைச் சொல்லும் முன்னும் பின்னும் ஓர் ஆலோசகர் உட்கார்ந்து பேசும் இடம் அது. புள்ளிராஜாவுக்கு வருமா வராதா என்ற கேள்விக்கு நிஜமான பதில் அந்த அறையில்தான் கிடைத்தது.

அதனால் ஒரு விழிப்புணர்வு விளம்பரம் "ஹிட்" ஆனது என்று அடுத்தமுறை யாராவது சொன்னால், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. அதில் போட்டிருக்கும் எண்ணுக்கு ராத்திரி பதினோரு மணிக்கு ஒருத்தர் கூப்பிட்டால் யார் எடுப்பார்கள், எடுத்தவர் எங்கே அனுப்புவார், அங்கே அவர் பெயர் வெளியே போகாமல் இருக்குமா என்று கேட்பேன். இந்தியாவில் எய்ட்ஸுக்கு அந்த எண் 1097, கட்டணம் கிடையாது. இந்தக் குறிப்பில் வேறு எதுவும் மனசில் நிற்காவிட்டாலும் அது நிற்கட்டும்.